ரூத் ஹாரிசன்

ரூத் ஹாரிசன் (ஜூன் 24, 1920 – ஜூன் 13, 2000) இங்கிலாந்தைச் சேர்ந்த எழுத்தாளரும் பண்ணை விலங்குகளின் நலனுக்காக உழைத்த செயற்பாட்டாளரும் ஆவார். 1964 ஆம் ஆண்டில் வெளிவந்த விலங்கு எந்திரங்கள் (அனிமல் மெஷின்ஸ்) என்னும் நூல் இவரைப் பரவலாக அறியச் செய்தது. கோழி, கன்று, பன்றி முதலியவற்றை அடைத்து வைத்துப் பெருமளவில் வளர்க்கும் செறிவுப் பண்ணை முறையைப் பொதுமக்களின் கவனத்துக்குக் கொண்டுவந்த முதல் நூல்களுள் இது ஒன்றாகும். இந்நூலைத் தொடர்ந்து பிரித்தானிய அரசு அமைத்த குழுவின் அறிக்கையே, இன்று உலகெங்கும் பேசப்படும் விலங்கு நலனுக்கான ஐந்து சுதந்திரங்களின் தொடக்கம். சினைப்பட்ட பன்றியைத் திரும்ப இயலாத தனிக்கொட்டிலில் அடைக்கும் வழக்கம் பிரித்தானியாவில் 1999 இல் சட்டப்படி முடிவுக்கு வந்ததன் பின்னணியிலும் இவருடைய பணி உள்ளது. ரூத் ஹாரிசன் வேளாண்மையோ கால்நடை மருத்துவமோ பயின்றவர் அல்லர்.

பிறப்பும் குடும்பமும்

ரூத் லண்டனில் பிறந்தார். இவருடைய தந்தை ஸ்டீபன் வின்ஸ்டன் ஓர் எழுத்தாளர். தாய் கிளேர் வின்ஸ்டன் ஓவியரும் சிற்பியும் ஆவார். இருவரும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். முதல் உலகப் போரின்போது, மனச்சான்றின் அடிப்படையில் படையில் சேர மறுத்ததற்காக ஸ்டீபன் சிறை சென்றார். நாடக ஆசிரியர் ஜார்ஜ் பெர்னார்ட் ஷாவுடன் இக்குடும்பம் நெருங்கிப் பழகியது. ஷாவைப் பற்றி ஸ்டீபன் நூல்கள் எழுதினார். ஷாவின் வீட்டுத் தோட்டத்தில் உள்ள ஜோன் ஆப் ஆர்க் சிலை கிளேர் வடித்தது. புள்ளியியலில் பிரைஸ்-வின்ஸ்டன் மதிப்பீட்டு முறை என அறியப்படும் முறையை உருவாக்கியவர்களுள் ஒருவரான கிறிஸ்டோபர் வின்ஸ்டன் ரூத்தின் உடன்பிறந்தவர்.

போரை மறுத்தலும் புலால் மறுத்தலும் அக்குடும்பத்தின் நெறிகளாக இருந்தன. ரூத் பிறந்தது முதல் இறுதிவரை புலால் உண்ணாதவராகவே வாழ்ந்தார். குவேக்கர் எனப்படும் கிறித்தவ நண்பர்கள் சமூகத்தின் கொள்கைகளையும் அவர் பின்பற்றினார். தீமையைக் கண்டால் அமைதியாகச் சான்று பகர வேண்டும் என்பது அச்சமூகத்தின் மரபு. அவருடைய பிற்கால எழுத்திலும் செயல்பாட்டிலும் இம்மரபின் தாக்கத்தைக் காணலாம்.

கல்வியும் போர்க்காலப் பணியும்

ரூத் லண்டனின் பெட்போர்ட் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றார். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் அக்கல்லூரி கேம்பிரிட்ஜுக்கு இடம் பெயர்ந்தது. போரின்போது குவேக்கர்கள் நடத்திய நண்பர்கள் ஆம்புலன்ஸ் பிரிவில் அவர் சேர்ந்து பணியாற்றினார். போர் முடிந்தபின் ஜெர்மனிக்குச் சென்று, வீடிழந்து இடம் பெயர்ந்த மக்களுக்கான துயர்துடைப்புப் பணியில் ஈடுபட்டார். அரச நாடகக் கலைக் கழகத்திலும் பயிற்சி பெற்றார். 1954 இல் டெக்ஸ்டர் ஹாரிசன் என்னும் கட்டடக் கலைஞரை மணந்தார். இவர்களுக்கு இரு குழந்தைகள்.

திருப்புமுனை

1960களின் தொடக்கத்தில் ஒரு நாள் ரூத்தின் வீட்டுக் கதவு வழியே ஒரு துண்டறிக்கை வந்து விழுந்தது. விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையை எதிர்த்த சிறு அமைப்பு ஒன்று அதனை அச்சிட்டிருந்தது. இறைச்சிக்கான கன்றுகள் குறுகிய மரப்பெட்டிகளில் வளர்க்கப்படுவதை அது விவரித்தது. தாம் இறைச்சி உண்பதில்லை என்பதால் இதற்குத் தாம் பொறுப்பில்லை என்றே ரூத் முதலில் கருதினார். பின்னர் அந்த எண்ணம் சரியன்று என உணர்ந்தார். தாம் உண்ணாமல் இருப்பதனால் கொட்டிலில் இருக்கும் விலங்கின் நிலை சிறிதும் மாறுவதில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

இம்முடிவு அவருடைய பணியின் திசையைத் தீர்மானித்தது. எல்லோரும் புலால் உண்பதைக் கைவிட வேண்டும் என அவர் தம் நூலில் வாதிடவில்லை. உணவுக்காக வளர்க்கப்படும் விலங்கு உயிருடன் இருக்கும் காலத்தில் எவ்வாறு வாழ்கிறது என்பதே அவர் எழுப்பிய கேள்வி. எனவே இறைச்சி உண்போரும் உழவர்களும் அவருடைய வாதத்துக்குச் செவி கொடுக்க முடிந்தது.

விலங்கு எந்திரங்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரித்தானியாவில் உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்தது. குறைந்த விலையில் மிகுதியான இறைச்சியும் முட்டையும் உற்பத்தி செய்வது அரசின் கொள்கையாக இருந்தது. இச்சூழலில் விலங்குகள் வயல்வெளியிலிருந்து கட்டடங்களுக்குள் கொண்டுவரப்பட்டன. முட்டைக்கோழிகள் அடுக்குக் கூண்டுகளிலும், கறிக்கோழிகள் பெருங்கொட்டகைகளிலும், கன்றுகள் பெட்டிகளிலும், பன்றிகள் மங்கிய ஒளியும் வெப்பமும் ஈரமும் மிகுந்த கொட்டில்களிலும் வளர்க்கப்பட்டன. நகரத்தில் வாழ்ந்த பெரும்பாலோர் இம்மாற்றத்தை அறியவில்லை. பாலட்டையிலும் முட்டைப் பெட்டியிலும் பச்சைப் புல்வெளியின் படமே இருந்தது.

ரூத் பண்ணைகளை நேரில் சென்று பார்த்தார். கால்நடை மருத்துவர்களுடனும் அரசுத் துறைகளுடனும் கடிதத் தொடர்பு கொண்டார். அவருடைய சான்றுகளில் பெரும்பகுதி வேளாண் தொழில் இதழ்களிலிருந்தே எடுக்கப்பட்டது. உற்பத்தியாளர்கள் தங்களுக்குள் வெளிப்படையாக எழுதிக்கொண்டவற்றை அவர் பொதுமக்கள் முன் வைத்தார். இதனால் நூலில் உள்ள செய்திகள் பொய்யென மறுப்பது எளிதாக இருக்கவில்லை.

மௌன வசந்தம் என்னும் நூலை 1962 இல் எழுதிப் பூச்சிக்கொல்லிகளின் தீங்கை உலகுக்கு உணர்த்திய அமெரிக்க உயிரியலாளர் ரேச்சல் கார்சனுக்கு ரூத் கடிதம் எழுதி முன்னுரை வேண்டினார். கார்சன் அப்போது கடும் நோயுற்றிருந்தபோதிலும் முன்னுரை எழுதி உதவினார். நூல் மார்ச் 1964 இல் லண்டனில் வெளிவந்தது. அடுத்த மாதம் கார்சன் மறைந்தார்.

அப்சர்வர் வார இதழ் நூலின் பகுதிகளை வெளியிட்டதால் செய்தி நாடெங்கும் பரவியது. அமைச்சகத்துக்கும் இதழ்களுக்கும் கடிதங்கள் குவிந்தன. விலங்குகளின் துன்பத்தைப் பற்றி மட்டுமன்றி, நெரிசலில் வளரும் விலங்குகளுக்கு நோய் வராமல் தடுக்கத் தீவனத்தில் நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளைச் சேர்ப்பதன் ஆபத்தைப் பற்றியும் அந்நூல் பேசியது என்பது குறிப்பிடத்தக்கது.

பிராம்பெல் குழு

நூல் வெளிவந்த சில மாதங்களுக்குள், 1964 இல், பிரித்தானிய அரசு செறிவுப் பண்ணைகளில் விலங்குகளின் நிலையை ஆராய ஒரு குழுவை அமைத்தது. பேங்கர் நகரில் விலங்கியல் பேராசிரியராக இருந்த பிரான்சிஸ் வில்லியம் ரோஜர்ஸ் பிராம்பெல் அதன் தலைவர். விலங்கு நடத்தை அறிஞரான டபிள்யூ. எச். தோர்ப் அதன் உறுப்பினர்களுள் ஒருவர். குழு தன் அறிக்கையை டிசம்பர் 1965 இல் அளித்தது.

அதுவரை சட்டம் ஒருவர் விலங்கை அடித்தாரா, பட்டினி போட்டாரா என்பதையே பெரும்பாலும் பார்த்தது. பிராம்பெல் குழு இதற்கு அப்பால் சென்றது. யாரும் அடிக்காமலும், நன்கு உணவளித்தும், வேகமாக எடை கூடியும் வரும் விலங்கு கூடத் துன்பப்படக் கூடும் என்றும், அத்துன்பத்தை அதன் நடத்தையைக் கொண்டு அறிவியல் முறையில் ஆராய முடியும் என்றும் அறிக்கை ஏற்றுக்கொண்டது. நல்ல வளர்ச்சியே நல்ல நலனுக்குச் சான்று என்ற தொழில்துறையின் வாதம் இதனால் வலுவிழந்தது.

எழுந்து நிற்றல், படுத்தல், திரும்புதல், உடலைத் தூய்மை செய்துகொள்ளுதல், கைகால்களை நீட்டுதல் ஆகிய ஐந்தையும் தடையின்றிச் செய்ய ஒவ்வொரு விலங்குக்கும் இடம் வேண்டும் என்பது அறிக்கையின் மையக் கருத்து. பன்றிகளைப் பொறுத்தவரை, சினைப்பன்றிகளைத் திரும்ப இயலாத கொட்டில்களில் அன்றாட உடற்பயிற்சி இன்றி அடைத்து வைக்கக் கூடாது என்றும், வாலை வெட்டும் வழக்கம் தடை செய்யப்பட வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது.

அறிக்கையின் விளைவாக 1968 இல் வேளாண்மைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பண்ணை விலங்குக்குத் தேவையற்ற வலியோ துயரோ உண்டாக்குவது அதன்படி குற்றமானது. எனினும் கொட்டிலின் அளவு போன்ற விவரங்கள் கட்டாயச் சட்டமாக ஆக்கப்படவில்லை. அவை வழிகாட்டு நெறிகளாக மட்டுமே 1969 இல் வெளியிடப்பட்டன. அந்நெறிகளை மீறுவது தன்னளவில் குற்றமன்று. பிராம்பெல் குழு கேட்டதைவிட அவை தாழ்ந்த தரத்தில் இருந்ததால் ரூத் பெரும் ஏமாற்றம் அடைந்தார்.

தனிக்கொட்டில் என்னும் சிக்கல்

பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 115 நாட்கள். சினைப்பன்றிகளைக் கூட்டமாக வைத்துக் குறைந்த அளவு தீவனம் அளித்தால், வலிமை மிக்கவை மற்றவற்றைக் கடித்து விரட்டித் தீவனத்தைக் கவர்ந்துகொள்ளும். இதைத் தவிர்க்கவும், ஒவ்வொன்றுக்கும் அளந்து தீவனமிடவும், இடத்தையும் வேலையாட்களையும் குறைக்கவும் தனிக்கொட்டில் முறை பரவியது. ஏறத்தாழ 60 செ.மீ. அகலமும் 2 மீட்டர் நீளமும் கொண்ட இரும்புக் கம்பிச் சட்டத்துக்குள் ஒரு பன்றி அடைக்கப்படும். 200 கிலோவுக்கும் மேல் எடையுள்ள அது, எழவும் படுக்கவும் முடியுமே அன்றித் திரும்ப முடியாது. சில பண்ணைகளில் கழுத்திலோ மார்பிலோ வாரிட்டுத் தரையோடு கட்டினர். குட்டி ஈனும் காலத்தில் அது வேறொரு கூண்டுக்கு மாற்றப்படும். குட்டிகள் பிரிக்கப்பட்டுச் சில நாட்களில் மீண்டும் சினைப்படுத்தப்படும். இவ்வாறு அதன் வாழ்நாளின் பெரும்பகுதி கம்பிகளுக்கிடையே கழிந்தது.

பன்றி தன் மூக்கினால் மண்ணைக் கிளறி உணவு தேடும் இயல்புடையது. குட்டி ஈனுவதற்கு முன் புல்லையும் சுள்ளியையும் சேர்த்துக் கூடு அமைக்கும். வைக்கோலும் மண்ணும் இல்லாத வெற்றுத் தளத்தில் இவ்வியல்பு வெளிப்பட வழியில்லை. தனிக்கொட்டிலில் உள்ள பன்றி கம்பியை ஓயாது கடிப்பதையும், வாயில் ஒன்றுமில்லாமலே மெல்வதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். இறைச்சிக்கு வளர்க்கப்படும் பன்றிகள் ஒன்றன் வாலை மற்றொன்று கடிப்பதற்கும், கிளறுவதற்குப் பொருளின்றி இருப்பது முக்கியக் காரணங்களுள் ஒன்று. அக்காரணத்தை நீக்குவதற்கு மாறாக, குட்டியிலேயே வாலை வெட்டிவிடுவது பண்ணைகளில் வழக்கமாயிற்று.

எடின்பரோவில் ஆய்வாளர்கள் அலெக்ஸ் ஸ்டோல்பா, டேவிட் வுட்-கஷ் ஆகியோர் பண்ணைப் பன்றிகளை மரங்களும் ஓடையும் உள்ள மலைச்சரிவில் விட்டு ஆராய்ந்தனர். பல தலைமுறைகளாகக் கொட்டிலில் வளர்ந்த இனமாயினும், அவை காட்டுப்பன்றிகளைப் போலவே கிளறின, கூடு அமைத்தன, குழுவாக வாழ்ந்தன. செறிவுப் பண்ணையில் பிறந்த விலங்கு அதற்குப் பழகிவிடும் என்ற கருத்துக்கு இவ்வாய்வு எதிரான சான்றாக அமைந்தது.

குழுக்களில் பணி

1967 இல் பிரித்தானிய அரசு அமைத்த பண்ணை விலங்கு நல ஆலோசனைக் குழுவில் ரூத் உறுப்பினரானார். உழவர் அமைப்பினரும் அறிவியலாளர்களும் மிகுந்திருந்த அக்குழுவில் அவருக்குப் பல முரண்பாடுகள் ஏற்பட்டன. ஆயினும் அவர் விலகி நின்று குறை கூறுவதைவிட உள்ளே இருந்து வாதிடுவதையே தேர்ந்துகொண்டார். அதே ஆண்டில் பண்ணை விலங்கு பராமரிப்பு அறக்கட்டளையை நிறுவி, மாற்று வளர்ப்பு முறைகளுக்கான ஆய்வுகளுக்கு நிதியுதவி திரட்டினார்.

1979 இல் ஆலோசனைக் குழுவுக்குப் பதிலாகப் பண்ணை விலங்கு நலக் கழகம் அமைக்கப்பட்டது. பிராம்பெல் அறிக்கையின் கருத்தை இக்கழகம் விரித்து, ஐந்து சுதந்திரங்கள் என வகுத்தது. பின்னர் திருத்தப்பட்ட அவற்றின் வடிவம் வருமாறு:

• பசி, தாகம் ஆகியவற்றிலிருந்து சுதந்திரம்
• வசதிக்குறைவிலிருந்து சுதந்திரம்
• வலி, காயம், நோய் ஆகியவற்றிலிருந்து சுதந்திரம்
• இயல்பான நடத்தையை வெளிப்படுத்தும் சுதந்திரம்
• அச்சம், துயர் ஆகியவற்றிலிருந்து சுதந்திரம்

ஒரு நாட்டில் மட்டும் விதிகளைக் கடுமையாக்கினால், விதிகள் தளர்வாக உள்ள நாட்டின் மலிவான இறைச்சி உள்ளே வரும் என்பதை ரூத் உணர்ந்திருந்தார். எனவே ஐரோப்பிய அளவிலான உடன்பாட்டுக்காகவும் அவர் உழைத்தார். பண்ணை விலங்குகளின் பாதுகாப்புக்கான ஐரோப்பிய அவையின் உடன்படிக்கை 1976 இல் உருவானது. அதன் நிலைக்குழுவின் கூட்டங்களில் விலங்கு நல அமைப்புகளின் சார்பில் அவர் பல ஆண்டுகள் பங்கேற்றார். அக்குழு பன்றிகளுக்கான பரிந்துரையை 1986 இல் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் ரூத்துக்கு ஓ.பி.இ. என்னும் பிரித்தானிய அரச விருது வழங்கப்பட்டது.

பிரித்தானியத் தடை

1991 இல் பிரித்தானிய அரசு புதிய தனிக்கொட்டில்கள் அமைப்பதைத் தடை செய்தது. ஏற்கனவே உள்ளவற்றை ஜனவரி 1, 1999க்குள் நீக்க வேண்டும் என ஆணையிட்டது. பிராம்பெல் குழு பரிந்துரைத்ததற்கும் அது நடைமுறைக்கு வந்ததற்கும் இடையே 33 ஆண்டுகள் கழிந்திருந்தன. இத்தடையை ரூத் தம் வாழ்நாளிலேயே கண்டார்.

இடைக்காலத்தில் தொழில்நுட்பமும் ஒரு தடையை நீக்கியிருந்தது. 1980களில் பயன்பாட்டுக்கு வந்த மின்னணுத் தீவன நிலையம், பன்றியின் கழுத்திலோ காதிலோ உள்ள அடையாள வில்லையைக் கணினியின் மூலம் அறிந்து, அதற்குரிய அளவு தீவனத்தை மட்டும் வழங்கியது. கூட்டமாக வைத்தாலும் ஒவ்வொன்றுக்கும் அளந்து தீவனமிட முடியும் என்பது இதனால் உறுதியானது.

ஆனால் ரூத் அஞ்சியதும் நடந்தது. 1990களின் இறுதிக்குப் பின் பத்தாண்டுகளில் பிரித்தானியாவின் தாய்ப்பன்றிகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1998 இன் விலை வீழ்ச்சி, பவுண்டின் உயர் மதிப்பு, 2000 இல் பன்றிக் காய்ச்சல், 2001 இல் கோமாரி நோய் ஆகியனவும் இதற்குக் காரணங்கள். எனினும் தனிக்கொட்டில் முறை தொடர்ந்த நாடுகளிலிருந்து இறக்குமதியான இறைச்சியோடு போட்டியிட வேண்டியிருந்ததைப் பண்ணையாளர்கள் பெருங்குறையாகச் சுட்டினர்.

இறப்பும் அதற்குப் பின்னும்

ரூத் ஹாரிசன் ஜூன் 13, 2000 அன்று, தமது 80 ஆவது பிறந்தநாளுக்குப் பதினொரு நாட்கள் முன்னர் காலமானார். மறு ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் தனிக்கொட்டில்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நிறைவேற்றியது. அது ஜனவரி 1, 2013 முதல் எல்லாப் பண்ணைகளுக்கும் பொருந்தியது. எனினும் சினைப்படுத்திய பின் முதல் நான்கு வாரங்களுக்கும், ஈனுவதற்கு முந்தைய வாரத்துக்கும் அடைத்து வைக்க அச்சட்டம் இடமளித்தது. கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு தாய்ப்பன்றிக்கும் பொதுவாக 2.25 சதுர மீட்டர் இடம் வேண்டும், நாளுக்கு எட்டு மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும், கிளறுவதற்கு வைக்கோல் போன்ற பொருள் வேண்டும் என்பன அதன் விதிகளுள் சில. காலக்கெடு முடிந்தும் நிறைவேற்றாத ஒன்பது நாடுகள் மீது ஐரோப்பிய ஆணையம் 2013 இல் நடவடிக்கை தொடங்கியது.

வாலை வழக்கமாக வெட்டக் கூடாது என்ற விதி இருந்தும், ஐரோப்பாவின் பெரும்பாலான பன்றிக்குட்டிகளின் வால் தொடர்ந்து வெட்டப்பட்டது. குட்டி ஈனும் கூண்டை 1999, 2013 ஆகிய இரு தடைகளும் தொடவில்லை. தாய்ப்பன்றி புரண்டு குட்டிகளை நசுக்கிவிடுவதைக் கூண்டு குறைக்கிறது என்பது அதற்கான வாதம். சுவீடன், நார்வே, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகள் அதனையும் வழக்கமான பயன்பாட்டிலிருந்து நீக்கின. கூண்டு வளர்ப்பை முடிவுக்குக் கொண்டுவரக் கோரி ஏறத்தாழ 14 லட்சம் பேர் ஒப்பமிட்டதை அடுத்து, 2023க்குள் சட்ட முன்மொழிவை அளிப்பதாக ஐரோப்பிய ஆணையம் 2021 இல் உறுதியளித்தது. அந்த ஆண்டுக்குள் அது அளிக்கப்படவில்லை.

விலங்கு எந்திரங்கள் நூல் 2013 இல் மறுபதிப்பாக வெளிவந்தது. வரலாற்றாய்வாளர் கிளாஸ் கிர்ச்சேல் எழுதிய ரூத்தின் வாழ்க்கை வரலாறு 2021 இல் வெளியானது.

இந்தியாவில்

ஐந்து சுதந்திரங்கள் இந்தியச் சட்ட வரலாற்றிலும், குறிப்பாகத் தமிழ்நாட்டோடு தொடர்புடைய வழக்கு ஒன்றில், இடம்பெற்றன. சல்லிக்கட்டு தொடர்பாக இந்திய உச்ச நீதிமன்றம் மே 7, 2014 அன்று வழங்கிய தீர்ப்பில், பன்னாட்டளவில் ஏற்கப்பட்ட இவ்வைந்து சுதந்திரங்களையும் எடுத்துக்காட்டி, 1960 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளோடு இணைத்துப் பொருள் கொண்டது. பின்னர் தமிழ்நாடு 2017 இல் அச்சட்டத்தைத் திருத்தியது. அத்திருத்தம் செல்லும் என உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு மே 18, 2023 அன்று தீர்ப்பளித்தது. தீர்ப்புகள் மாறினாலும், 1965 இல் கூண்டுக் கோழியையும் கொட்டில் பன்றியையும் முன்னிட்டுத் தொடங்கிய ஓர் அளவுகோல், காளைகளைப் பற்றிய வாதத்திலும் பயன்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.